ஒரே தளத்தில் நின்ற இரண்டு சாட்சிகள்

1848-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6, மாலை ஐந்து மணி. பிரிட்டிஷ் போர்க்கப்பலான 'டீடலஸ்' கிழக்கிந்தியக் கடல்களிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நன்னம்பிக்கை முனையைக் கடந்து செயின்ட் ஹெலினா தீவு இருக்கும் திசையில், தென் அட்லாண்டிக் கடலில் ஓடிக்கொண்டிருந்த நேரம். மாலுமிகள் சாப்பிடப் போயிருந்தார்கள். சார்ட்டோரிஸ் என்ற இளம் பயிற்சி அதிகாரி கடலில் வழக்கத்துக்கு மாறான ஏதோ ஒன்று கப்பலை நோக்கி விரைந்து வருவதைக் கண்டு, காவல் முறையில் இருந்த லெப்டினென்ட் எட்கர் டிரம்மண்டிடம் சொன்னார். அப்போது பின்தளத்தில் டிரம்மண்டோடு சேர்ந்து உலாவிக்கொண்டிருந்தவர்கள் கப்பல் தலைவர் கேப்டன் பீட்டர் மெக்வே, மாஸ்டர் வில்லியம் பாரெட். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏறக்குறைய இருபது நிமிடம் அது கண்ணிலும் தொலைநோக்கியிலும் தெரிந்தது. பிறகு மறைந்துவிட்டது.

கடல் பாம்பைக் கண்டதாகச் சொன்னவர்கள் உலகில் ஏராளம். அவர்களில் டீடலஸ்காரர்களுக்குத் தனி இடம் உண்டு. குடிபோதையில் உளறிய மீனவர் என்றோ, காசுக்குக் கதை விற்றவர் என்றோ அவர்களைத் தள்ள முடியாது. அந்த ஒரு காட்சியைப் பற்றி இரண்டு எழுத்துச் சாட்சியங்கள் அச்சில் நிலைத்திருக்கின்றன. ஒன்று, கேப்டன் தம் மேலதிகாரிக்கு எழுதிய கடிதம். மற்றொன்று, லெப்டினென்ட் டிரம்மண்டின் நாட்குறிப்பிலிருந்து எடுக்கப்பட்டு அதே ஆண்டு 'ஜூவாலஜிஸ்ட்' இதழில் வெளிவந்த சிறு பகுதி. இருவரும் நின்றது ஒரே தளம், பார்த்தது ஒரே பொருள், ஒரே பொழுது. எழுதியதோ இரண்டு வேறு விலங்குகளைப் பற்றியோ என்று ஐயப்படும் அளவுக்கு விலகி நிற்கிறது. கண்சாட்சி என்பது எழுத்தில் எப்படி உருவாகிறது என்று அறிய விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல இணை கிடைப்பது அரிது. அதனால் அது பாம்பா, சீலா, திமிங்கிலமா என்ற கேள்வியைச் சற்று ஒத்திவைத்து, இரண்டையும் எழுத்துகளாகவே முதலில் படிக்கிறேன்.

கேப்டனின் கடிதம் பிறந்த சூழல் முக்கியம். கப்பல் அக்டோபர் 4-ஆம் தேதி பிளைமவுத் துறைமுகம் வந்து சேர்ந்தது. 10-ஆம் தேதி 'தி டைம்ஸ்' நாளிதழில் செய்தி வெளியாகிவிட்டது. உடனே கடற்படைத் தலைமை, பத்திரிகையில் வந்தது உண்மையா என்று கேட்டது. 11-ஆம் தேதி மெக்வே பதில் எழுதினார். இரண்டு நாளில் அதுவும் டைம்ஸில் அச்சேறியது. ஆக, பார்த்து இரண்டு மாதம் கழித்து, ஊரே பேசத் தொடங்கிய பின், 'உண்மையா, இல்லையா' என்ற மேலிடத்துக் கேள்விக்கு எழுதப்பட்ட பதில் அது. அந்தக் கேள்விக்கு 'இருக்கலாம்' என்று ஒரு கப்பல் தலைவர் பதில் எழுத முடியாது. கடிதத்தின் தொனியைத் தீர்மானித்தது இந்த நெருக்கடிதான் என்று நினைக்கிறேன்.

கடிதம் கப்பலின் தினப்பதிவேடு போலத் தொடங்குகிறது. 24 டிகிரி 44 நிமிடம் தென் அட்சம், 9 டிகிரி 22 நிமிடம் கிழக்குத் தீர்க்கம். வானம் இருண்டு மேகமூட்டம். வடமேற்கிலிருந்து பலத்த காற்று, தென்மேற்கிலிருந்து நெடிய அலைவீச்சு. கப்பலின் முகம் எந்தத் திசையில் இருந்தது என்பதுகூட உண்டு. படிக்கிறவர் மனத்தில் நம்பிக்கை இங்கேயே ஊன்றிவிடுகிறது. இவ்வளவு துல்லியமாக எழுதுகிறவர் பிசகமாட்டார் என்று தோன்றுகிறது. ஆனால் இந்த எண்கள் யாவும் கப்பலையும் வானத்தையும் கடலையும் பற்றியவை. விலங்கைப் பற்றி இவற்றில் ஒன்றுகூட இல்லை. தெரிந்த பொருளின் துல்லியம் தெரியாத பொருளுக்குக் கடனாகப் போகிறது. இது ஏமாற்று இல்லை. பதிவேடு எழுதிப் பழகிய கை இயல்பாகச் செய்வது. விளைவு மட்டும் ஒன்றுதான்.

அடுத்து வருவது கடிதத்தின் மையமான தாவல். சார்ட்டோரிஸ் கண்டது, கேப்டனின் சொற்படியே, வழக்கத்துக்கு மிக மாறான ஏதோ ஒன்று. அடுத்த வாக்கியத்திலேயே அது ஒரு மாபெரும் பாம்பு என்று 'தெரியவந்தது'. இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே என்ன தெரிந்தது, யார் முதலில் அந்தப் பெயரைச் சொன்னார், மற்றவர்கள் ஒப்பினார்களா என்பதற்கெல்லாம் கடிதத்தில் இடமில்லை. உறுப்புகளின் வருணனை பெயருக்குப் பிறகுதான் வருகிறது. பெயர் முந்திவிட்டால் உறுப்புகள் அதற்கேற்பத்தான் வந்து அமரும். தலை ஐயத்துக்கு இடமின்றிப் பாம்பின் தலை என்கிறார். தலைக்குப் பின்னால் குறுக்களவு 15 அல்லது 16 அங்குலம் என்கிறார். தலையும் தோளும் நீர்மட்டத்துக்கு நாலடி மேலே எப்போதும் நிமிர்ந்திருந்தன என்கிறார். பாம்புக்கு ஏது தோள் என்று கேட்கத் தோன்றும். பெயருக்குள் அடங்க மறுத்து நழுவி வெளியே நிற்கும் சொல் அது. நல்ல வேளையாக அவர் அதை அடிக்கவில்லை.

நீளத்தை எப்படிக் கணித்தார் என்று சொல்லிவிடுகிறார். நடுப் பாய்மரத்தில் மேற்பாய் கட்டும் பருமலை நீரில் கிடத்தினால் எவ்வளவு நீளம் தெரியுமோ, அதனோடு ஒப்பிட்டுக் குறைந்தது 60 அடி. கையருகே இருக்கும் அளவுகோலைக் காட்டிவிட்டு அளவைச் சொல்வது நல்ல சாட்சியின் அடையாளம். இந்த இடத்தில் அவரை மதிக்கிறேன்.

கடிதத்தில் எல்லோர் மனத்திலும் நின்றது வேறொரு வாக்கியம். அது கப்பலின் பின்பக்கமாக அவ்வளவு நெருங்கிக் கடந்தது. அறிமுகமான ஒரு மனிதராக இருந்திருந்தால் வெறுங்கண்ணாலேயே முகத்தை அடையாளம் கண்டிருப்பேன் என்கிறார். சொல்லாட்சி என்ற அளவில் இது அபாரம். கஜக்கணக்கு சொல்லியிருந்தால் எல்லாரும் மறந்திருப்பார்கள். முகம் என்றதும் படிக்கிறவர் தாமே தளத்தில் போய் நின்றுவிடுகிறார். ஆனால் தெரிந்தவரை அடையாளம் காண்பது ஏற்கெனவே மனத்தில் இருக்கும் முகத்தோடு எதிரே வரும் முகம் பொருந்துவதால் நடக்கிறது. நடையும் தோள்சாய்வும்கூடப் போதும். இதற்குமுன் யாருமே பார்த்திராத ஒன்றுக்கு அந்த உதவி கிடையாது. புதியதைப் பார்க்கையில் அதே தூரம் பன்மடங்கு தூரமாகிவிடுகிறது. தம் பார்வை எவ்வளவு தெளிவு என்று காட்ட அவர் தேர்ந்த உவமை, அந்தப் பார்வைக்கு எது கிடைக்கவில்லை என்பதைத்தான் காட்டுகிறது.

இனி, எதிர்மறைகள். துடுப்புகள் இல்லை. ஒரு தடவைகூட நீருக்குள் அமிழவில்லை. போகும் பாதையிலிருந்து இம்மியும் விலகவில்லை. உடலின் எந்தப் பகுதியும் மேலும் கீழுமாகவோ பக்கவாட்டிலோ நெளிந்து உந்தவில்லை. கடிதத்தின் உறுதி பெரும்பாலும் இத்தகைய வாக்கியங்களில்தான் குவிந்திருக்கிறது. 'இருந்தது' என்று சொல்ல ஒரு நொடிப் பார்வை போதும். 'இல்லவே இல்லை' என்று சொல்ல இருபது நிமிடமும், நெடிய அலைவீச்சுக்கு நடுவே, உடலின் ஒவ்வொரு பகுதியையும் விடாமல் பார்த்திருக்க வேண்டும். எதற்கு மிக அதிகமான பார்வை தேவையோ அதை மிகச் சுருக்கமான சொல்லால் சொல்லிவிட்டார்.

கேப்டன் தயங்கும் இடம் ஒன்று உண்டு. முதுகில் குதிரைப் பிடரி மயிர் போன்ற ஏதோ ஒன்று அலைந்துகொண்டிருந்தது என்று எழுதியவர், உடனே தம்மைத் திருத்திக்கொண்டு, கடற்பாசிக் கொத்து போல என்கிறார். கண்ணுக்குப் பட்டது, பெயருக்குள் அடங்கவில்லை. கடிதம் முழுவதிலும் மிக நேர்மையான இடமாக எனக்குப் படுவது இதுதான். இதே இடத்தில்தான் பின்னால் அடியும் விழுந்தது.

கடைசியில் சாட்சிகளின் பட்டியல். குவார்ட்டர் மாஸ்டர், சாரங்கின் உதவியாள், சுக்கான் பிடித்தவர், மேலே சொன்ன அதிகாரிகள். பத்திரத்தின் கீழ் வைக்கும் சாட்சிக் கையெழுத்துகளைப் போல இவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். மாலுமிகள் மூவருக்கும் பெயர் இல்லை. அவர்கள் பார்த்தார்கள் என்பது உண்டு. என்ன பார்த்தார்கள் என்பது இல்லை. 'நாங்கள்' என்று கேப்டன் எழுதும்போதெல்லாம் அந்தப் பன்மைக்குள் டிரம்மண்டும் அடக்கம். டிரம்மண்டின் குறிப்பு மட்டும் கிடைக்காமல் போயிருந்தால், தளத்தில் இருந்த எல்லாரும் ஒரே விதமாகக் கண்டார்கள் என்றே இன்றுவரை நம்பியிருப்போம்.

டிரம்மண்டின் குறிப்பு மிகச் சிறியது. நாலு முதல் ஆறு மணிக் காவலில், சுமார் ஐந்து மணிக்கு, வியப்புக்குரிய ஒரு மீனைக் கண்டோம் என்று தொடங்குகிறது. மீன் என்றுதான் எழுதுகிறார். பாம்பு அங்கே இல்லை. உடனே அவர் செய்வது, வெளியே தெரிந்தது எவ்வளவு என்று எல்லை போடுவது. தலையும் முதுகுத் துடுப்பும் மட்டுமே தெரிந்தன. தலை நீண்டு, கூர்மையாக, மேற்புறம் தட்டையாக இருந்தது. ஒருவேளை பத்தடி நீளம். மேல்தாடை நன்றாக முன்னால் நீண்டிருந்தது. துடுப்பு தலைக்குப் பின்னால் ஒருவேளை இருபதடி தள்ளி, அவ்வப்போது மட்டும் தெரிந்தது. மேலே கரும்பழுப்பு, கீழ்த்தாடைக்கு அடியில் பழுப்பு கலந்த வெண்மை. மிக நெருங்கியபோது ஒருவேளை நூறு கஜ தூரம். வேகம் மணிக்கு ஒருவேளை பன்னிரண்டிலிருந்து பதினான்கு மைல். இந்த 'ஒருவேளை' அவர் குறிப்பில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் எண்ணுக்கு முன்னால் மட்டும் வருகிறது. நிறத்துக்கும் தாடைக்கும் முன்னால் வருவதில்லை. கண்ணால் கண்டதை அப்படியே சொல்கிறார், மனத்தால் அளந்ததற்கு மட்டும் அடையாளம் வைக்கிறார்.

பெரியதொரு பாம்பையோ விலாங்கையோ நினைவூட்டியது என்று அவரும் எழுதத்தான் செய்கிறார். ஆனால் உறுப்புகளையெல்லாம் சொல்லி முடித்த பின், ஒரு தோற்றமாக அது வருகிறது. கேப்டனிடம் வாசலில் நிற்கும் பெயர் இவரிடம் கொல்லைப்புறத்தில் நிற்கிறது. வானிலையும் அப்படியே இடம் மாறியிருக்கிறது. கடிதத்தில் முதலில் வந்து சாட்சியத்துக்குப் பலம் சேர்த்த இருண்ட வானம், குறிப்பில் கடைசி வரியாக வருகிறது: இருட்டு, சூறைக்காற்று, கடலும் கொஞ்சம் கொந்தளிப்பு. இதையும் கணக்கில் வைத்துக்கொண்டு மேலே சொன்னதைப் படியுங்கள் என்று சொல்வது போல.

இரண்டையும் அருகருகே வைத்தால் மோதல்கள் வெளிப்படையானவை. துடுப்பு இல்லை என்கிறது கடிதம். முதுகுத் துடுப்பு இருந்தது என்கிறது குறிப்பு. ஒருபோதும் அமிழவில்லை என்கிறது கடிதம். அவ்வப்போது ஓர் அலைக்கடியில் கணநேரம் மறைந்தது என்கிறது குறிப்பு. நாலடி நிமிர்ந்த தலை அங்கே; நீர்மட்டத்துக்கு இணையாக, கொஞ்சம் உயர்ந்தாற்போல் படுத்த தலை இங்கே. பதினைந்து அங்குலக் கழுத்து அங்கே. பத்தடித் தலை இங்கே. ஒத்துப்போகிறவையும் உண்டு: நிறம், வேகம், பார்த்த நேரம், கோணாத நேர்ப்பாதை. கவனித்தால், ஒத்துப்போகிறவை வெறுமனே பார்த்தாலே தெரிகிறவை. மோதுகிறவை பெரும்பாலும் 'இது இன்னது' என்ற முடிவோடு தொடர்புடையவை.

நம் அளவை நூல்கள் அறிவு வரும் வழிகளில் தலையாயவையாகக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றைச் சொல்கின்றன. கண்டது, கண்டதைக் கொண்டு ஊகித்தது, பிறர் சொல்லக் கேட்டது. டிரம்மண்டின் சில வரிகளில் இந்த மூன்றும் கலக்காமல் இருக்கின்றன. தலையும் தாடையும் காண்டல். அடிக்கணக்கும் மைல்கணக்கும் கருதல். உரைக்கு ஓர் அருமையான எடுத்துக்காட்டு வைத்திருக்கிறார். துடுப்புக்குப் பின்னால் அதே அளவு தூரத்தில் வாலையோ இன்னொரு துடுப்பையோ தாம் கண்டதாகக் கேப்டன் சொன்னார் என்று எழுதுகிறார். தாம் காணாததைத் தாம் கண்டதாகச் சொல்லவில்லை. கேப்டன் சொன்னதை விட்டுவிடவும் இல்லை. மெக்வேயின் கடிதத்திலோ மூன்றும் காண்டலின் உடையிலேயே வருகின்றன. 60 அடி உடல் நீர்மட்டத்தில் தெரிந்தது என்று அவர் எழுதுவதை, தலையும் துடுப்பும் தவிர வேறெதுவும் தெரியவில்லை என்ற குறிப்போடு சேர்த்துப் படித்தால், இடையிடையே தெரிந்த பகுதிகளை அவர் மனம் ஒரே உடலாகக் கோத்துவிட்டது என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

டிரம்மண்டுக்குச் சாதகமான சூழலையும் சொல்லியாக வேண்டும். நாட்குறிப்புக்கு எதிரே விசாரிக்கும் மேலதிகாரி இல்லை, கேலி செய்யக் காத்திருக்கும் ஊர் இல்லை. நிரூபிக்க வேண்டியது எதுவும் இல்லாதவருக்கு 'ஒருவேளை' எளிது. கேப்டனின் இடத்தில் அவர் இருந்திருந்தால் எப்படி எழுதியிருப்பாரோ! ஆனாலும் தம் கேப்டன் அச்சில் சொன்னதற்கு மாறான துடுப்பைத் தம் குறிப்பில் இருந்தபடியே வெளியிட அனுமதித்தது சிறிய காரியமில்லை.

கடிதம் வெளியான பின் நடந்தது, சொல்லின் உறுதி எப்படிச் சொன்னவரையே கட்டிப்போடும் என்பதற்குச் சான்று. அக்டோபர் 28-ஆம் தேதி 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழ் கேப்டனின் ஒப்புதலோடு படங்களை வெளியிட்டது. நவம்பரில் ரிச்சர்ட் ஓவன் டைம்ஸில் பதில் எழுதினார். 'டைனோசார்' என்ற வகைப்பெயரை 1842-இல் உலகுக்குத் தந்த அதே உயிரியல் அறிஞர். அவர் முன்னால் இருந்தவை கேப்டனின் கடிதமும் அந்தப் படங்களும். துடுப்பில்லை, நெளிவில்லை, பிடரியில் மயிர் போன்ற ஒன்று உண்டு. மயிர் இருந்தால் அது பாலூட்டி. ஆகவே பனிக்கட்டியோடு மிதந்து வந்து வழி தவறிய யானைச் சீலாக இருக்கலாம் என்று முடித்தார். கடற்பாசிக் கொத்து என்ற திருத்தத்தைவிடக் குதிரைப் பிடரிதான் அவருக்கு வேண்டியிருந்தது. கேப்டன் தயங்கிய ஒரே இடத்தைப் பற்றிக்கொண்டு, அவர் தவறாக உறுதி சொன்ன இடங்களை அப்படியே ஏற்றுக்கொண்டார். கண்சாட்சிகளின் எண்ணிக்கைதான் அளவு என்றால் பேய்களுக்குக் கடல் பாம்பைவிட அதிகச் சாட்சிகள் கிடைப்பார்கள் என்றும் எழுதினார். கூர்மையான வாதம், ஆனால் எண்ணிக்கையைத் தாண்டி, சாட்சியம் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்க அவர் மெனக்கெடவில்லை.

மெக்வே சூடாகப் பதில் எழுதினார். சீலும் இல்லை, யானைச் சீலும் இல்லை. பரபரப்பில் கண் மயங்கவும் இல்லை. தலை தட்டையானது, ஓவன் சொல்வது போல் கவிந்த மண்டை இல்லை. பிடரி மயிர் வைத்த கடல் பாம்பை முன்பே எழுதிவைத்த நார்வே பிஷப் பொன்டோப்பிடனின் அந்தப் பாம்பைப் பற்றியே லண்டன் வந்த பிறகுதான் கேள்விப்பட்டேன் என்றும் சொன்னார். நம்புகிறேன். ஆனால் அந்த ஆயரின் புத்தகத்தைப் படிக்காவிட்டாலும், 'கடல் பாம்பு' என்ற பெயர் அந்தக் காலத்துக் கடலோடிகளுக்குத் தெரியாத பெயரில்லை. பெயர் தெரிந்திருந்தாலே போதும், பார்வை அதைத் தேடத் தொடங்கிவிடும். அந்தப் பதிலில் தட்டையான தலை என்று அவர் சொன்னது டிரம்மண்டின் குறிப்போடு பொருந்துவது கவனிக்கத்தக்கது. இதைக் கொண்டு இருவரும் இன்னும் நெருங்கியிருக்கலாம். அதற்குள் 'பாம்பா, சீலா' என்ற கட்சிகட்டல் முற்றிவிட்டது.

ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 2015-இல், அமெரிக்க உயிரியலாளர் கேரி கால்பிரெத் இந்த வழக்கை மறுபடி எடுத்தார். அவர் பிடித்துக்கொண்டது டிரம்மண்டின் வருணனையை. நார்வேக்காரர் 'சேய்' என்று பெயர் வைத்த ஒரு திமிங்கில இனம் உண்டு. மேற்பரப்பை ஒட்டி, வாயைத் திறந்தபடி நேர்கோட்டில் நீந்தி, நீரைச் சலித்துச் சிற்றுயிர்களை உண்ணும் பழக்கம் அதற்கு உண்டு. அப்போது நீண்டு தட்டையான மேல்தாடை நீருக்கு மேலே தெரியும். முதுகில் நிமிர்ந்த துடுப்பு தூரத்தில் தெரிந்து தெரிந்து மறையும். டீடலஸ்காரர்கள் கண்டது இந்தத் திமிங்கிலத்தைத்தான் என்பது அவர் முடிவு.

டிரம்மண்டின் எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தலை பத்தடி, அங்கிருந்து துடுப்புக்கு இருபதடி. ஆக மூக்கு நுனியிலிருந்து துடுப்பு முப்பதடி. சேய் திமிங்கிலத்துக்கு முதுகுத் துடுப்பு உடலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பின்னால் அமைந்தது. அப்படியானால் மொத்த நீளம் 45 அடி, கிட்டத்தட்ட 14 மீட்டர். வளர்ந்த ஒரு சேய் திமிங்கிலத்துக்கு இயல்பான அளவு. துடுப்புக்குப் பின்னால் மேலும் இருபதடியில் வால் என்றால் 50 அடி, 15 மீட்டர். இதுவும் பொருந்துகிறது. உடல் நெளியாமல் சென்றதாகக் கேப்டன் எழுதியதற்கும் விளக்கம் கிடைக்கிறது. திமிங்கிலத்தை உந்துவது நீருக்கடியில் இருக்கும் வால். 15 அங்குலக் கழுத்துக்கு மட்டும் இதில் இடமில்லை. அது பெயரோடு வந்த கழுத்து.

இந்தக் கணக்கின் கடைசி எண் கேப்டன் கண்ட வாலிலிருந்து வந்தது. தளத்தில் நின்றபோது வாலையோ துடுப்பையோ கண்டதாக வாய்விட்டுச் சொன்னவர் அவர்தான். இரண்டு மாதம் கழித்து எழுதிய கடிதத்தில் துடுப்பே இல்லை என்றார். வால் பற்றிப் பேச்சே இல்லை. பாம்பு என்ற முடிவுக்கு அது தேவைப்படவில்லை. பீட்டர் மெக்வே அன்று மாலை மிக நன்றாகப் பார்த்த ஒன்று, அவருடைய கடிதத்தில் இல்லாமல், டிரம்மண்டின் நாட்குறிப்பில் கேட்டெழுதிய ஒரே வரியாக மட்டும் தப்பியிருக்கிறது.